என் முகத்தோடு வந்தவள்

எந்திர மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுகிறவள் நான். தோலும் முடியும் கண்ணீரும் வைத்துச் செய்த, பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் ஆள்தான் என்று நம்பவைக்கிற எந்திரங்கள். என் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விசாரணை வந்துவிடும். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதன், அந்தப் பக்கம் சந்தேகத்துக்குரியது. சின்ன வயது ஞாபகங்களைக் கேட்டால் அது கடகடவென்று ஒப்பிக்கும். ஆனால் அவமானப்படுத்தினால் கோபம் வராது, அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஒரே உத்தியை வைத்து எத்தனை கதை ஓட்டுவீர்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கிண்டல் செய்வார். எனக்கு ரோஷம் வரும், ஆனாலும் அடுத்த கதையிலும் மேசை போடுவேன்.

போன வருஷம் நானே அந்தப் பக்கம் உட்கார வேண்டி வந்தது.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அம்மா போனபிறகு பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருந்தார். லேசான பக்கவாதம் என்று பக்கத்து வீட்டு அத்தை போன் செய்ததும் சென்னையிலிருந்து ஓடி வந்தேன். கை கால் சீக்கிரமே தேறிவிட்டது, பேச்சிலும் குழறல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை காபியை நீட்டினேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற அத்தையிடம் கேட்டார்.

“இவ யாரு? எம் மவள மாதிரியே ஒருத்தியக் கொண்டாந்து விட்டிருக்காவ?”

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். “பல்லு வரிசைகூட அப்படியே இருக்கு” என்றார்.

டாக்டர் விளக்கினார். முகம் தெரிகிறது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நெஞ்சில் ஊற வேண்டிய பாசம் ஊறவில்லை. அதனால் இது வேறு ஆள் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. இவர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர், சாப்பாடு மட்டும் தவறக் கூடாது என்றார்.

சாப்பாடுதான் தவறியது. யாரோ அனுப்பிய ஒருத்தி சமைத்ததை அவர் ஏன் தொடுவார்? அத்தை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கெஞ்சினால் ரெண்டு வாய், அவ்வளவுதான். அவர் சாப்பிட வேண்டும் என்பது எனக்கு வெளிக்கவலை. உள்ளுக்குள் இருந்தது வேறு. என் முகத்தைப் பார்த்து பழையபடி ஒரு தடவை ‘ஏட்டி’ என்று கூப்பிட வேண்டும், அது போதும் எனக்கு.

விசாரணையை அவரேதான் ஆரம்பித்தார். “எம் மவ நீச்சல் எங்கன பழகினா?”

“குறுக்குத்துறை ஆத்துல. நீங்க என் இடுப்புல துண்டக் கட்டி இழுத்துப் பிடிச்சிக்கிட்டீங்க.”

“மொத தடவ கணக்குல பெயிலானப்ப?”

“ஒண்ணும் சொல்லல. அல்வா வாங்கிக் குடுத்தீங்க. அது அடிக்கிறதவிட மோசமா இருந்துச்சு.”

அத்தையைப் பார்த்துத் தலையாட்டினார். “எல்லாம் சரியாத்தான் சொல்லுதா. நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த தம்ளரைத் தரையில் போட்டேன். சென்னையில் வேலையையெல்லாம் போட்டுவிட்டு வந்தவளைத் திருடி மாதிரி நிற்க வைக்கிறீர்களே என்று கத்தினேன். அப்பா பொறுமையாகக் கேட்டு முடித்தார். “எம் மவளுக்கும் இப்படித்தான் மூக்கு செவக்கும். அதையும் சொல்லிக் குடுத்திருக்காவ” என்றார். என் உத்தி அன்றைக்கே செத்துப்போனது.

போன் விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. வண்ணார்பேட்டையில் மருந்துக் கடையில் நின்றுகொண்டு, சர்க்கரை மாத்திரையின் பெயரைக் கேட்க வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார்.

“ஏட்டி, எப்ப வாரே? இங்கன ஒருத்தி ஒன்ன மாதிரியே வந்து உக்காந்திருக்கா.”

குரல் நெஞ்சுக்குப் போக வேறு பாதை போலிருக்கிறது. கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். அன்று முதல் வேளாவேளைக்கு மொட்டைமாடிக்கு ஏறி அப்பாவுக்குப் போன் செய்வேன். “அவளை நான்தான் ஏற்பாடு பண்ணியிருக்கேன் யப்பா. அவ குடுக்கதச் சாப்பிடுங்க” என்பேன். உடனே படியிறங்கி ஓடி, மூச்சு வாங்கத் தட்டை வைப்பேன். உளுந்தம்பருப்புச் சோற்றையும் எள்ளுத் துவையலையும் பேசாமல் சாப்பிடுவார். பேச்செல்லாம் போனில் மட்டும்தான். வீட்டில் இருக்கும்போது நான் ஒரு சம்பளக்காரி. மாடியில் இருக்கும்போது மகள். அந்தப் படிகளில் ஏறி இறங்கியே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஒருநாள் கதைக்காரிப் புத்தி வேலை செய்தது. குரலையும் முகத்தையும் ஒட்டவைத்துவிட்டால் என்ன? போனில் பேசிக்கொண்டே படியிறங்கினேன். பேசிக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். “யப்பா, இங்க பாருங்க, நான்தான்.”

அப்பா என் வாயைப் பார்த்தார், தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “குரலையும் எடுத்துக்கிட்டியா? எம் மவள என்னளா பண்ணின?”

அதற்குப்பின் போன் அடித்தால் எடுக்கவில்லை. என் தட்டையும் தொடவில்லை. அத்தை கொடுத்ததைக்கூட முகர்ந்து பார்த்து வைத்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் காலை இட்லியோடு போனேன். “வெளிய போ. ஒன்ன யாரு செஞ்சாவளோ அவங்ககிட்டயே போ” என்றார். தட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டு, “கொஞ்ச நேரம் பாத்துக்கிடுங்கத்தே” என்று தெருவில் இறங்கினேன்.

வண்ணார்பேட்டையில் வந்த பஸ்ஸில் போர்டுகூடப் பார்க்காமல் ஏறினேன். நாங்குநேரியில் எதற்கு இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. லாரிகள் உறுமிக்கொண்டு போகும் ரோட்டோரத்தில் நின்று, எடுக்கமாட்டார் என்று தெரிந்தே போன் போட்டேன்.

எடுத்தார். முதலில் லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் போல.

“எங்கன இருக்க?”

“நாங்குநேரியில யப்பா. சும்மா, பஸ்ஸேறி வந்துட்டேன்.”

“கோவமா?”

“ஆமா.”

“அப்ப நீதான்” என்றார். குரல் உடனே இளகிவிட்டது. “கோவம் வந்தா இருந்த எடத்துல இருக்க மாட்டியே. ஏட்டி, ஒரு காரியம் செய்யணும் நீ.”

“சொல்லுங்க.”

“இங்கன ஒருத்தி இருந்தால்லா, ஒன்ன மாதிரி. காலையில நான் ரொம்பப் பேசிட்டேன். வெளிய போனவ இன்னும் வரல. அந்தப் பிள்ள நேத்தும் சாப்பிடல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு யாரு இருக்கா? எங்க போவும்? நீ எங்கயாவது பாத்தா வரச் சொல்லு.”

நான் எழுதிய மனிதர்களில் ஒருவன்கூட அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் பொறாமையாகவும் இருந்தது.

“வரச் சொல்லுதேன்” என்றேன்.

“நீ எப்ப வாரே?”

வழக்கமாக இதற்கு நாளைக்கு என்பேன், அடுத்த வாரம் என்பேன்.

“நான் பைய வாரேன் யப்பா. மொதல்ல அவள அனுப்புதேன்.”

வீடு வந்து சேர்ந்தபோது அப்பா கதவைத் திறந்து வைத்து, நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்த இட்லி மூடினபடியே இருந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தள்ளி உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன்.

“ஒன் பேரு என்னம்மா?”

என் பெயரைச் சொன்னால் மறுபடியும் திருடி ஆகிவிடுவேன்.

“எனக்குப் பேரு கிடையாது. நீங்களே ஒண்ணு வைங்க.”

அப்பா மூடியை எடுத்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி, தனக்கு ஒரு இட்லியை எடுத்துக்கொண்டார்.

“அவசரமா வைக்கக் கூடாது. நல்ல பேரா யோசிச்சுச் சொல்லுதேன். மொதல்ல நீ சாப்பிடு.”