தேன் பெட்டிக்கு ஆறடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மண்ணூருக்கு வந்தார். அவருக்கு மறைமலை நகரில் ஃபேக்டரி வேலை, அங்கேயே வாடகை ரூம். வாரத்துக்கு ஒரு நாள் வருவார்... அதுவும் ஓ.டி. இல்லாவிட்டால்.

சர்ச்சுக்குப் போய் வந்ததும் தோட்டத்துப் பக்கம் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். நான் புதிதாக வாங்கிய மூன்று தேன் பெட்டிகள் வேலியோரம் நெருக்கமாக வரிசை கட்டி நின்றன. அவருடைய அப்பா தேனீ வளர்த்தவர். விடுவாரா?

"இன்னா, இவ்ளோ கிட்டக்க வெச்சிகினு கீற? ஒரு பெட்டி ஈ இன்னொரு பெட்டியில பூந்துடும். அப்புறம் சண்டைதான். நடுவுல ஆறடியாவது வோணும்."

தூக்கி வைத்துவிட்டால் போகிறது என்றேன். கூடாதாம். மேயப் போன ஈ பழைய இடத்துக்கே திரும்பி வந்து தவிக்குமாம். பொழுது சாய்ந்து ஈயெல்லாம் அடைந்த பிறகு, தினம் ஓரடிதான் நகர்த்தலாமாம்.

தினமுமா? யார் நகர்த்துவது? தனியாகத் தூக்க எனக்குப் பயம் என்றேன்.

திங்கட்கிழமை விடிகாலை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை! அதே ஃபேக்டரிக்குப் போகிற பக்கத்துத் தெருக்காரரிடம் லீவு சொல்லி அனுப்பிவிட்டார்.

கல்யாணமானதிலிருந்து ஒரு திங்கட்கிழமைகூட அவர் வீட்டில் இருந்ததில்லை. மத்தியானத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரத்துப் பெட்டிகளைத்தான் சாயங்காலமானால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்துவோம். உள்ளே ஈக்களின் ரீங்காரம் உள்ளங்கை வரை அதிரும். கை கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து இருட்டும் வரை பேசுவோம். ரூமில் தனக்குச் சமைக்க வராத ரசத்தைப் பற்றி... ஃபேக்டரி லைனில் நின்று நின்று வலிக்கிற முழங்காலைப் பற்றி... வாரம் ஒரு நாள் வருகிறவர் இதையெல்லாம் எங்கே சொல்வார்?

பெட்டிகள் விலக விலக, இன்னும் எத்தனை சாயங்காலம் மிச்சம் என்று எண்ண ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம் கயிறு பிடித்து அளந்தோம். ஆறடி. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, காலை பஸ்ஸுக்கு எழுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டடி இருந்தா இன்னும் நல்லது" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது.

எட்டடியும் ஆயிற்று, அவரும் போய்விட்டார். ஈக்களுக்குள் இப்போது சண்டையில்லை. பொழுது சாய்ந்தால் என் கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.