மூன்று வாரத்து நடை

யாரும் எடுத்து வைக்காத அடியை நடை என்று சொல்லலாமா? இருபத்திரண்டு வருஷம் அந்த அடியைப் படம் பிடித்தே பிழைத்த மனிதர் ஒருவர். இந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவர் வாழ்க்கைதான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அவருடைய ஸ்டுடியோ. ஒரே அறை. நடுவில் மேஜை, மேஜை மேல் வழவழவென்று இழைத்த பலகை, பின்னால் சாம்பல் நிறத் திரை. பிறந்து மூன்று வாரமான குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கி, பாதம் பலகையில் படும்படி கொஞ்சம் முன்னால் சாய்த்தால் போதும். கால்கள் மாறி மாறி அடி எடுத்து வைக்கும். அந்த வயதில் எல்லாக் குழந்தையும் செய்வதுதான். இரண்டு மாதத்தில் அது தானாக மறைந்துபோகும். தன் இஷ்டப்படி நடக்க ஒரு வருஷம் ஆகும். அம்மா திரையின் நிறத்திலேயே ஒரு துணிக்குள் ஒளிந்துகொண்டு பிடித்துக்கொள்வாள், குழந்தை தானே நடப்பது போல இவர் படமெடுப்பார். கன்னத்தைத் தடவினால் முகம் அந்தப் பக்கம் திரும்பும் என்பதும், உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுக்கிக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். எதையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஆயாக்கள் அவருக்கு நடைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெரிய கலைஞர் என்று சொல்ல முடியாது. பாதிப் படங்களில் வெளிச்சம் குழந்தையின் நெற்றியில் மட்டும் வழியும். ஆனால் கண் நல்ல கண். படத்தைக் கையில் கொடுக்கும்போது தவறாமல் ஒரு வசனம் சொல்வார்: "பாத்துக்கிட்டே இருங்க, எல்லாருக்கும் முன்னாடி இவன்தான் ஓடப்போறான்." கேட்டவர்கள் முகம் மலரும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தங்கை மகனுக்கும் மூன்றாம் வாரத்தில் அதே பலகையில் அதே படத்தை எடுத்து, அதே வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். தங்கை கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையைத் தூக்கித் தரையில் கால் படவைத்து நடக்க வைத்துக் காட்டுவார்.

நாலாம் மாதத்திலும் அந்தக் கால்கள் அடி எடுத்து வைத்தன. நடைக்காரர் முதல்முறையாகக் குனிந்து அவற்றை உற்றுப் பார்த்தார். ஆறாம் மாதத்தில் பாதம் முழுதாகத் தரையில் படவில்லை. நுனிவிரல்தான் பட்டது, கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போயின. வலது பக்கம் தலை திரும்பினால் வலக்கை விறைத்து நீளும், இடக்கை மடங்கிக் காதோரம் போகும். ஸ்டுடியோவுக்கு வருகிற ஆறு மாதக் குழந்தைகள் அவர் ஆட்டும் மணியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்ளும். இவன் மணியைப் பார்த்தான், சிரித்தான், கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கை திறக்கவே இல்லை. ஆசை கண்ணில் இருந்தது. கை வேறு யாருடைய பேச்சையோ கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இவனை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

"எதுக்கு மச்சான்? ஊசியெல்லாம் போட்டாச்சு. எடை ஏழரை கிலோ. நர்ஸம்மாவே அசந்துபோயிட்டாங்க."

"எடையைப் பத்தி நான் பேசல. இந்த வயசுல கால் இப்படி நடக்கக் கூடாது."

"நடக்கக் கூடாதா? எல்லாருக்கும் முன்னாடி ஓடுவான்னு யாரு சொன்னது?"

"அது... வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"ஓ! அப்ப நாங்களும் வர்றவங்கதானா?"

தங்கை பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "அண்ணே, நல்லா இருக்கிற பிள்ளையைப் பாத்து இப்படியெல்லாம் பேசாத. வந்தியா, காபி குடிச்சியா, கிளம்பு."

வீட்டில் மனைவியிடம் பொருமினார்.

"பத்தாயிரம் குழந்தையைப் பாத்திருக்கேன்டி."

"பாத்தீங்க. படிச்சீங்களா? போட்டோ எடுக்கிறவர் சொன்னா யாருங்க நம்புவா? நானே நம்பல."

மறு வாரம், ஆறு மாதக் குழந்தைகளின் படங்கள் முப்பதைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். எல்லாப் படத்திலும் விரிந்த கைகள். தரையில் வரிசையாகப் பரப்பினார். மெக்கானிக் நின்றபடியே பார்த்தார்.

"என்ன மச்சான், ஸ்டுடியோவுக்கு வீடு வீடா ஆள் பிடிக்கக் கிளம்பிட்டீங்களா? எல்லா லிஃப்டும் ஒரே வேகத்துலயா போகுது? ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும்."

"பட்டனே அமுக்காம ஒரு லிஃப்ட் தானா மேல போனா, நல்ல லிஃப்ட்டுன்னு விட்டுட்டு வருவீங்களா மாப்பிள்ளை?"

சொல்லிய பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று உறைத்தது. மெக்கானிக் குனிந்து படங்களைத் திரட்டினார், அடுக்கினார், மச்சான் கையில் கொடுத்தார், கதவைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் நடைக்காரர் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். மூன்று வாரக் குழந்தைகள் பலகையில் நடந்தன, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படமெடுத்தார். பொய்யாக ஒரு வரி சொன்னபோது உச்சி குளிர்ந்தவர்கள், உண்மையைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். சரி, பொய்தான் எடுபடும் என்றால் பொய்யே ஆகட்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு நாள் காலை மெக்கானிக் வேலை செய்யும் கட்டடத்துக்கே போய் நின்றார்.

"நான் பேசினது தப்பு மாப்பிள்ளை. நம்ம பையன் நடக்கிறதை ஆஸ்பத்திரி குழந்தை டாக்டரம்மாகிட்ட சொன்னேன். ஆறு மாசத்துலயா, நம்பவே முடியலயேன்னாங்க. நேர்ல பாக்கணுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு."

மெக்கானிக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். "நெஜமாவா?"

"உங்களையும் வரச் சொன்னாங்க."

அந்த டாக்டரிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வரிசையில் நின்று டோக்கன் மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அறைக்குள் நுழைந்ததும், டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளையைத் தூக்கி மேஜை மேல் நடக்க வைத்துக் காட்டினார். "பாருங்க மேடம், யாரும் சொல்லித் தரல, தானா வருது." நடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையைப் படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பினார். கை நீண்டது. மறுபக்கம் திருப்பினார். மற்ற கை நீண்டது. உள்ளங்கையில் விரலை வைத்துப் பார்த்தார். தொடையை விரித்து, கணுக்காலை மடக்கிப் பார்த்தார். பிரசவம் எத்தனை மணி நேரம், பிறந்ததும் அழுதானா என்று கேட்டார். உடனே அழவில்லை என்றாள் தங்கை.

"பிறந்ததுல இருந்து வர்ற இந்த அசைவெல்லாம் இந்நேரம் போயிருக்கணும்மா. இது போனாத்தான் குழந்தை தானா கையை நீட்டும், தானா நடக்கும். என்னன்னு இன்னைக்கே பேர் சொல்ல மாட்டேன். ஆனா பயிற்சியை நாளைக்கே ஆரம்பிக்கணும்."

தங்கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கப் போன மெக்கானிக்கின் கைகள் அப்படியே நின்றன. அவர் மெல்லத் தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். எதற்காக வரவழைக்கப்பட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. நிறைய பேர் ஒரு வயசு தாண்டித்தான் வர்றாங்க. யாரு முதல்ல கவனிச்சது?"

தங்கையின் கண் அண்ணன் பக்கம் போனது, சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நடைக்காரர் முந்திக்கொண்டார்.

"அப்பாதான் மேடம். கால் நடக்கிறது சரியில்லன்னு அவர்தான் கூட்டிட்டு வந்தார்."

டாக்டர் தலையாட்டி, சீட்டில் அப்படியே எழுதினார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நடைக்காரரிடம் அவர் மனைவி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மெக்கானிக்கும் ஒரே ஒரு தடவை கேட்டார். இருவரிடமும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.