தோள்ல தூக்கற சைக்கிள்

சைக்கிள் கடை வெச்சவங்க எல்லாருக்கும் இது தெரியும்: "சின்ன வேலைதாங்க"ன்னு சொல்லிக்கிட்டு உள்ள வர்ற வண்டிதான் நம்ம இடுப்ப ஒடிக்கும். மாரண்டஹள்ளியில முப்பது வருசமா பஞ்சர் ஒட்டறேன். என்னாட்டம் நகத்துல கிரீசோட சோறு பெசையறவங்க இதப் படிச்சா, நான் பொய் சொல்லலன்னு தெரியும்.

சின்ன வேலை

கவிதா தக்காளி மண்டியில வேல பாக்கற பொண்ணு. ஒரு கொழந்தைக்குத் தாயி. ஒரு நாள் காத்தால பழைய கியர் சைக்கிள் ஒண்ணத் தள்ளிக்கிட்டு வந்தா. தடிமனா டயரு, முன்னால ஸ்பிரிங் வெச்ச ஃபோர்க்கு, மலையேத்தற சைக்கிளுன்னு விப்பாங்களே, அது. அவ தம்பி பைக் வாங்குனதுல இருந்து மாட்டுக்கொட்டாயில கெடந்துச்சாம். எங்க நாத்தனா வூட்டுலயும் ஒண்ணு அப்பிடித்தான் கெடக்குது, சீட்டு மேல கோழி ஏறிக்கிட்டு எறங்க மாட்டேங்குது. அது இருக்கட்டும்.

ஓசூர் பக்கம் சைக்ளோகிராஸுன்னு ஒரு போட்டி. சேறு, மணலு, மேடு எல்லாத்துலயும் ஓட்டணும், ஓட்ட முடியாத எடத்துல சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடணும். அஞ்சு சுத்து. மொத ஆளு நம்மள ஒரு சுத்து தாண்டிட்டா விசிலடிச்சு வெளிய அனுப்பிருவாங்க. போன வருசமும் இதையே கொட்டாயிலருந்து எடுத்துத் தொடச்சு ஓட்டிக்கிட்டுப் போயி, மூணாவது சுத்துல விசில் வாங்கிக்கிட்டு வந்திருக்கா. புதுசு வாங்க வழியில்ல. போட்டிக்கு இருவது நாளு இருந்துச்சு.

"செயிக்கறதெல்லாம் வேணாங்க ஆயா. அஞ்சு சுத்தும் முடிச்சு, எங்காலால அந்தக் கடைசிக் கோட்டத் தாண்டிறணும், அவ்ளோதான். இத அந்த மாதிரி சைக்கிளா மாத்திக் குடுங்க. சின்ன வேலைதாங்க."

கழட்டுனது

சரின்னுட்டேன். எங்க வூட்டுக்காரரு கடை முன்னால பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருப்பாரு. வேல எனக்கு, கருத்து அவருக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்பிடித்தான் பிரிச்சு வெச்சிருக்கோம்.

ஸ்டாண்டு, கேரியரு, மட்கார்டு, பெல்லு எல்லாத்தையும் கழட்டுனேன். ஸ்பிரிங் ஃபோர்க்கக் கழட்டிட்டு வேற ஒரு பழைய சைக்கிளோட ஸ்பிரிங் இல்லாத மொட்ட ஃபோர்க்கப் போட்டேன். முன்னால இருந்த மூணு பல்சக்கரத்துல ரெண்டு போச்சு. டயர மெல்லிசா, ஆனா சேத்தக் கவ்வற மாதிரி மாத்துனேன். "செயினு துரு புடிச்சாப்ல இருக்குது, மாத்து"ன்னாரு வூட்டுக்காரரு. அவரு சொன்னா நான் கேக்கறதில்ல, அது பழக்கமாப் போச்சு. மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு அதையே மாட்டிட்டேன். நான் அடுத்த ஸ்பேனரத் தேடறதப் பாத்துட்டு அவரு சொன்னாரு:

"சீட்டையாச்சும் உட்டுவெய் புள்ள, அந்தப் பொண்ணு எது மேலயாச்சும் உக்காரணுமில்ல."

ஆட்டுக்கொம்பு

இந்தப் போட்டி சைக்கிளுக்கு ஹேண்டில்பாரு நேரா இருக்கக் கூடாது, ஆட்டுக்கெடா கொம்பாட்டம் முன்னால போயி கீழ வளையணும். நம்ம பக்கம் எங்க கெடைக்குது? பாலக்கோட்டுல ஒரு பழைய இரும்புக் கடையில ஒண்ணப் பாத்துட்டேன். பிரேக் புடியோட செவுத்துல அடிச்சு, அதுல மாட்டுக்கவுறு தொங்கவுட்டிருந்தாங்க.

கடைக்காரரு தர மாட்டேன்னுட்டாரு. கவுறு எங்க மாட்டறதுன்னு கேக்கறாரு. நான் எந்திரிக்கவே இல்ல. ரெண்டு டீ குடிச்சேன், அவரு பொண்ணு கல்யாணக் கதையப் பூராவும் கேட்டேன், மாப்ளயோட ஒண்ணுவுட்ட சித்தப்பன் பந்தியில கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சது வரைக்கும். அப்புறம் அங்க எடைக்குப் போடலாம்னு கொண்டுபோயிருந்த கேரியரப் பையிலருந்து எடுத்து, நானே செவுத்துல அடிச்சு, கவுற அதுல மாட்டிக் காமிச்சேன். மனுசன் கொம்பக் கழட்டி என் கையில குடுத்துட்டுக் கேட்டாரு:

"சைக்கிளுக்கு எதுக்குங்க ஆயா கொம்பு, யார முட்டப் போறீங்க?"

நிக்காத சைக்கிளு

கொம்ப மாட்டுனதும் பிரேக்கு புடிக்கல. கொம்புல இருக்கற பிரேக் புடி ஒயரக் கொஞ்சூண்டுதான் இழுக்குது, சைக்கிள்ல இருக்கற பிரேக்குக்கு அந்த இழுப்பு பத்தல. நாலு நாளு திருகிப் பாத்தேன். எதுத்தாப்ல பைக் மெக்கானிக் முருகேசன், என்னயப் பாத்துச் சிரிக்கறதே பொழப்பா வெச்சிருந்தான். "ஆயா, பொண்ணுக்கு நல்ல ரப்பர் செருப்பா வாங்கிக் குடுத்துருங்க, காலத் தேச்சு நிறுத்திக்கும்"னான்.

எனக்கு ரோசம் வந்துருச்சு. பரண்ல கெடந்த சைக்கிளையெல்லாம் எறக்குனேன். ஒண்ணுல பழைய மாடல் பிரேக்கு இருந்துச்சு, பிரேக்கோட ரெண்டு கையையும் நடுவுல ஒரு ஒயரு மேல தூக்கி இழுக்கற மாதிரி. அதுக்குக் கொஞ்சம் இழுத்தாலே போதும். அதக் கழட்டிப் போட்டா, பிரேக்கு மாட்டற அதே மொளையில கச்சிதமா உக்காந்துக்கிச்சு. முருகேசனயே ஏத்தி எறக்கத்துல உட்டேன். கீழ போயி டக்குன்னு நின்னான். தள்ளிக்கிட்டு வந்து சைக்கிள நிறுத்திட்டுச் சொன்னான்:

"செருப்பு வேணாங்க ஆயா."

சும்மாடு

தோள்ல வெச்சா பைப்பு அறுக்குதுன்னா கவிதா. நாங்க புல்லுக்கட்டு தூக்குன ஆளுங்க, தலைக்குச் சும்மாடு இல்லாம எதையாச்சும் தூக்குவமா? பழைய நூல் சீலையக் கிழிச்சுச் சுருட்டி, பைப்புக்கு அடியில மெத்துன்னு தெச்சுக் கட்டுனேன். எனக்கே பெருமையா இருந்துச்சு. ஏரி ஓரத்துச் சேத்துல ஓட்டிப் பாக்கப் போனா. திரும்பி வரும்போது பாதி ஒடம்பு நனஞ்சிருந்துச்சு.

"போறப்ப சைக்கிளத் தூக்கிட்டுப் போனேங்க ஆயா, வர்றப்ப சைக்கிளும் ஒரு கொடம் தண்ணியும் தூக்கிட்டு வந்தேன்."

பூசை

சீலைய எடுத்துட்டு, பழைய டியூப்ப வெட்டி நாலு சுத்து சுத்துனேன். அது தண்ணி குடிக்கல. எல்லாம் முடிஞ்சுது. போட்டிக்கு மொத நாள் மத்தியானம், பூசை போடாம அனுப்ப மனசு வரல. ஆயுத பூசைக்கு எப்பிடிப் பண்ணுவோம்? சாமானெல்லாம் எண்ணெய் போட்டுத் தொடச்சு, பொட்டு வெப்போம். நானும் தேங்காண்ணெயத் தொட்டு பைப்பு, கம்பி, ரிம்மு எல்லாத்தையும் பளபளன்னு தொடச்சேன். ஆமாங்க, ரிம்மையும்தான். பிரேக் கட்டை புடிக்கற அதே ரிம்மு. முப்பது வருச சர்வீசு.

கவிதா ஒரு ரவுண்டு போயிட்டு எறக்கத்துல வர்றா, பிரேக்க அமுக்கறா, வண்டி நிக்கவே இல்ல. நேரா வந்து எங்க வூட்டுக்காரரு சேர் மேல மோதுச்சு. அவரு அதுக்குள்ள எந்திரிச்சு ஓடிட்டாரு. அவரு ஓடி நான் பாத்தது அன்னிக்குத்தான். சேர் ஒடஞ்சுது. அவ முட்டியில ரத்தம். பாத்திரம் தேய்க்கற சோப்பப் போட்டு ரிம்ம மூணு தடவ கழுவுனேன், எண்ணெய் குடிச்ச கட்டைய உப்புத்தாள்ல தேச்சேன். அவ முட்டிக்கு மஞ்சள் வெச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தா.

"சாமி கும்புட்டது போதுங்க ஆயா, நாளைக்கு வண்டி நிக்கணும், அத மட்டும் பாருங்க."

அஞ்சாவது சுத்து

மறுநா காத்தால மொத பஸ்ஸுல நானும் வூட்டுக்காரரும் போயிட்டோம். மாந்தோப்பு நடுவுல கவுறு கட்டி வழி போட்டிருந்தாங்க. மத்தவங்க சைக்கிளெல்லாம் ஒரு வெரல்ல தூக்கலாம் போல இருந்துச்சு. கவிதா கடைசிலருந்து ரெண்டாவதா வந்தா. ஆனா எறக்கத்துல பிரேக்கு கப்புன்னு புடிச்சுது. மூணாவது சுத்து முடிஞ்சுது, விசில் வரல. நாலாவது முடிச்சு அவ அஞ்சாவதுல நொழையறா, அவ முதுகுக்குப் பின்னாலயே மொத ஆளா வந்த பொண்ணு அஞ்சையும் முடிச்சுட்டுக் கோட்டத் தொட்டுருச்சு. இனி யாரும் கவிதாவ ஒரு சுத்து தாண்ட முடியாது, விசிலும் வராது. நான் அவரோட கையக் கிள்ளிப்புட்டேன்.

மணல் மேட்டுல பட்டுன்னு ஒரு சத்தம். செயினு அந்துபோச்சு. அவரு என்னய ஒரு பார்வ பாத்தாரு. கவிதா எறங்குனா, சைக்கிளத் தூக்கித் தோள்ல போட்டா, ஓட ஆரம்பிச்சா. பாதி சுத்து. முட்டியில காயம் வேற. மத்தவங்க எல்லாம் முடிச்சு ஜூஸ் குடிக்கறாங்க. விசில் வெச்சிருந்த பெரியவரு மட்டும் கோட்டுக்கிட்டயே நின்னாரு. சேறும் மணலுமா, செயினு பின்னால தொங்க, அவ காலாலயே கோட்டத் தாண்டி வந்து நின்னா. பெரியவரு சைக்கிளச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "அஜ்ஜி, ஈ சைக்கிள் யாரு மாடித்து?"ன்னாரு. யாரு செஞ்சதுன்னு கன்னடத்துல கேக்கறாரு. நாந்தாங்கன்னேன். செயினப் பத்தி மன்னிப்பு கேக்கலாம்னு கவிதாகிட்டப் போனா, மூச்சு வாங்க அவ முந்திக்கிட்டா:

"சும்மாடு நல்லா இருந்துச்சுங்க ஆயா."

இருவது நாளு ராப்பகலா அது ஓடறதுக்குன்னு நான் செஞ்ச வேலையில, கடைசியில கோடு வரைக்கும் கைகுடுத்தது தூக்கறதுக்குன்னு சுத்துன பழைய டியூப்புதானுங்க.