அந்தப் பெண் எடுத்த எழுத்து

சுங்குவார்சத்திரத்தில் பிளெக்ஸ் அடிப்பவர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் தெரியும் எழுத்தை நகத்தால் வருடிப் பார்ப்பார்.

கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்தவன், தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அஞ்சலி பேனர் சொல்லப் போனேன். அவனுக்கு அடித்து வைத்திருந்த கல்யாண பேனரையே கம்ப்யூட்டரில் திறந்து, மணப்பெண்ணை மட்டும் வெட்டி எடுத்தார். அவன் பெயரைத் தொடவில்லை. தடித்து இறங்கி மயிரிழையாய் மெலிந்து, முனையில் சின்னப் பாதம் ஊன்றிய அழகான எழுத்து.

“ரோட்லேர்ந்து பார்த்தா தெரியாதுண்ணே. பட்டையா போடுங்க.”

“தெரியாதுதான். அந்தப் பொண்ணு இங்க குந்திகினு பார்த்துப் பார்த்து எடுத்த எழுத்து. நான் எப்டி தம்பி மாத்துவேன்?”

கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் கட்டினோம். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். மெல்லிய கோடுகள் மறைந்து, தடித்த கோடுகள் மட்டும் கம்பிகளாக நின்றன.

பக்கத்தில் நின்றவர் கேட்டார்: “யாருப்பா பூட்டது?”

கடைக்காரரைத் திட்டத்தான் நினைத்தேன். அவன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.