லேமினேஷன் போட்ட பிறந்தநாட்கள்

என் பிழைப்பு ஒரு கறுப்புத் திரையில் ஓடுகிறது. திருப்பாதிரிப்புலியூரில் கீழே துணிக்கடை, மேலே எங்கள் வீடு. அந்த வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு டேட்டா வேலை பார்க்கிறேன். ஒருத்தர் அனுப்புகிற கோப்பு இன்னொருத்தருடைய மென்பொருளுக்குப் புரியாது. நடுவில் நான் இருந்து மாற்றித் தர வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன டூல் வைத்திருக்கிறேன். அதில் பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி என்டர் அடித்தால் ஒரு வடிவத்தில் இருந்த கோப்பு வேறு வடிவத்தில் வந்து நிற்கும். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, காசு வாங்காமல் ஊருக்கு விட்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு போர்டு கெட்டுப்போன மாதிரி இருக்கிறது என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சமையல்கட்டுப் பாஷையில் சொல்கிறேன். ஜேசான் என்று ஒரு வடிவம் உண்டு. அது டிபன் கேரியர். ஒரு அடுக்குக்குள் சாதம், அடுத்ததில் குழம்பு, அதற்கு மேல் ஒரு கிண்ணத்துக்குள் ஊறுகாய். சி.எஸ்.வி. என்பது வாழை இலை. எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் பரிமாறிவிட வேண்டும், நடுவில் கமா மட்டும் இருக்கும். கேரியரை இலையில் கொட்டுவதும், இலையில் இருப்பதைக் கேரியரில் அடைப்பதும்தான் அந்த டூலின் வேலை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. அரை மணி நேரம் கையால் மாற்றுவதை நான் ஒரு மூச்சில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

என் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்துச் சமையல்கூடம் நடத்துகிறாள். ஆரம்பத்தில் லாட்ஜில் தங்கும் ஆட்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் மதியச் சாப்பாடு நன்றாகவே போயிற்று. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சென்னையில் அண்ணன் கடைக்கே போய்விடலாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அக்காவும் தை பிறந்ததும் பாத்திரங்களைக் கட்டிவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். சொல்லும்போது குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது அந்த அடுப்படி ஒன்றுதான், எனக்குத் தெரியாதா?

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் தனியாக ஊரில். அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்து தருகிற கம்பெனி. சிதம்பரத்துக்கு ஒரு சமையல்கூடம் வேண்டுமாம். அக்காவோடு இன்னொரு மெஸ்காரரையும் பார்த்து வைத்திருந்தார்கள். முதல் நாள் சோதனை. சாப்பிட்டவர்களை மதியத்துக்கு மேல் போனில் கேட்பார்கள். குறை வந்தால் மெஸ்காரருக்குப் போய்விடும். அந்தக் கம்பெனி மேடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: மெனுவில் இருப்பது மட்டும்தான் போக வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். கம்பெனி அனுப்பிய கோப்பு திறக்கவில்லை என்றாள். திறந்தாலும் அடைப்புக்குறியாக வருகிறதாம். எனக்கு அனுப்பச் சொன்னேன். ஜேசான். கேரியருக்குள் கேரியர். ஒரே வரி, என்டர், முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் சுருக்கிச் சுருக்கித் தலைப்பு வைத்திருந்தார்கள். அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு போன் வரும். எனக்கும் பொறுமை ஜாஸ்தி கிடையாது. டூலில் தலைப்பு வரியை எடுத்துவிட ஒரு வழி உண்டு. எடுத்துவிட்டேன். பெயர், வீதி, போன் நம்பர், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வெங்காயம் ஆகாது, பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்குத் தலைப்பு எதற்கு? அனுப்பிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் நானும் கிளம்பினேன். ஐப்பசி மழை, ஊரே தொப்பலாக நனைந்திருந்தது. அக்காவிடம் வேலை பார்க்கும் அம்மா குமராட்சிப் பக்கம். மினி பஸ் வரவில்லை என்று போன் பண்ணிவிட்டாராம். கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம் என்றுதான் பஸ் ஏறினேன். ஆனால் பஸ் நின்று நின்று ஊர்ந்தது. நான் போய்ச் சேருவதற்குள் மாமா கேரியர்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அடுப்புக்கு மேலே, ஆணியில், என் கோப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் முக்கியமான காகிதம் என்றால் லேமினேஷன் போட்டுவிடுவோம். மார்க் ஷீட்டிலிருந்து கரண்ட் பில் வரைக்கும் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் மின்னும். சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒருத்தருக்கு ஏழு மார்ச். ஒருத்தருக்கு இருபத்திரண்டு செப்டம்பர். இன்னொருத்தருக்கு 130/84. தேதி எதையும் நான் அனுப்பவே இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேடை மேல் இருந்த பாத்திரத்திலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது.

"என்னாக்கா இது, பாயசமா?"

"ஆமாடி. மேல வீதி டீச்சரம்மாவுக்கு இன்னிக்குப் பொறந்தநாள். பதினாலு நவம்பர். பாரு, குழந்தைங்க தினத்துல பொறந்திருக்காங்க. சர்க்கரை இல்லைன்னு பாத்துட்டுத்தான் ஒரு கிண்ணம் வெச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து மூலக் கோப்பைத் திறந்தேன். அந்த அம்மாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே விலாசம் என்ற அடுக்கு. அதற்குள் கதவு எண்: 14/11.

நம் ஊரில் கதவு எண் என்றால் ஒன்றா இருக்கிறது? நகராட்சி எப்போதோ ஒருமுறை மாற்றி எழுதிவிட்டுப் போயிற்று. பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டையும் விட மனசில்லாமல் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டையுமே எழுதுகிறோம். என் டூல் அதை அப்படியேதான் கொடுத்தது. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்ததும், அங்கே இருந்த கணக்குத் தாள் மென்பொருளுக்கு மூளை அதிகமாக வேலை செய்துவிட்டது. பதினாலு கோடு பதினொன்றைப் பார்த்ததும் பதினாலு நவம்பர் என்று முடிவு கட்டிவிட்டது. தேதியாக மாற்ற முடியாத நம்பர்களை மட்டும் சும்மா விட்டிருந்தது. மேலே கதவு எண் என்று ஒரு தலைப்பு இருந்திருந்தால் அக்கா ஒரு கணம் நின்றிருப்பாள். தலைப்பைத்தான் ஒரு மகராசி முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டாளே.

"அப்ப இந்த நூத்தி முப்பதுக்கு எண்பத்தி நாலு என்னான்னு நெனச்ச?"

"பிரஷரு. வயசானவுங்க சாப்பாட்டுக்குன்னு அனுப்புற கோப்புல வேற என்னா இருக்கும்? அவுங்களுக்கெல்லாம் உப்பு கம்மியாப் போட்டுத் தனியாக் கட்டிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வடக்கு வீதியில் பாதிப் பேருக்கு அவர்கள் வீட்டுக் கதவின் ரத்த அழுத்தத்துக்குத் தகுந்த சாம்பார் போய்க்கொண்டிருந்தது. லேமினேஷன் போட்டதற்காக மாமா மேல் கோபம் வந்தது, ஜெராக்ஸ் கடைக்காரர் மேல் வந்தது, நகராட்சி மேல் வந்தது. எல்லார் மேலும் வந்து முடிந்த பிறகு என் மேலும் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சொன்னவர்களுக்கு அவள் இரண்டையும் செய்து வைத்திருந்தாள்.

மாமாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மழையில் வண்டி ஓட்டுகிற மனிதர் எப்படி எடுப்பார்? கடைசியில் அவரே சொட்டச் சொட்ட வந்து நின்றார், காலிப் பைகளோடு. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். கதவு எண் இல்லாமல் வீடு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வீதி முனையில் நின்று, கேரியர் மேல் அக்கா ஒட்டியிருந்த சீட்டில் நம்பரைப் பார்த்துப் போன் பண்ணினாராம், அவர்களே வாசலுக்கு வந்து கை காட்டினார்களாம். கதவு எண்ணை யாரும் தேடவே இல்லை. அக்கா பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

கம்பெனி மேடம் மதியத்துக்கு மேல் கூப்பிட்டார். அக்கா கை ஈரத்தோடு போனை ஸ்பீக்கரில் போட்டாள். வடக்கு வீதிப் பெரியவர் ஒருவர், சாம்பாரில் உப்பே இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடா அனுப்புகிறீர்கள் என்று கேட்டாராம். அவருக்குப் பிரஷர் என்று நினைத்ததாக அக்கா சொன்னாள். அவருக்கு அப்படி எதுவும் இல்லையே என்றார் மேடம். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, தலைப்பை எடுத்தது, ஜெராக்ஸ் கடை, பழைய எண் புதிய எண், லேமினேஷன் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். தப்பு என்னுடையது, அக்கா கைப்பக்குவத்தில் ஒரு குறையும் கிடையாது என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்தது.

"இப்பதான் புரியுது. மேல வீதியில ஒரு டீச்சரம்மா, நாங்க கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே கூப்பிட்டாங்க. அவங்க பொறந்தநாள் சித்திரையிலயாம். பாயசம் நல்லா இருந்துச்சாம். சித்திரையில இன்னொரு தடவை வருமான்னு உங்ககிட்ட கேட்டுச் சொல்லணுமாம்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மேடம் மறுபடி கறாரானார். நாளையிலிருந்து எல்லாருக்கும் உப்பு சரியாக இருக்க வேண்டும். எண்களை வைத்து யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. பாயசத்துக்கு விதியில் இடமில்லை, ஆனால் அதைத் தன் மேலிடத்தில் பேசிக்கொள்வதாகச் சொன்னார். எல்லாருடைய பிறந்த தேதியும் அவர்களிடம் இருக்கிறதாம். நிஜமான தேதி. அதையும் சேர்த்துக் கோப்பை மறுபடி அனுப்புவார்களாம். சமையல்கூடம் உங்களுக்குத்தான், உங்கள் விவரங்களை இன்றைக்கே எங்கள் வடிவத்தில் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தார். மாமா, சென்னை அண்ணனுக்குப் போன் பண்ணி நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று வெளியே போனார். அக்கா கவிழ்த்து வைத்த பாத்திரங்களைத் திரும்ப நிமிர்த்த ஆரம்பித்தாள்.

நான் லேப்டாப்பை அம்மிக்கல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது நான் இலையில் பரிமாற வேண்டும், டூல் அதைக் கேரியரில் அடைக்கும். இந்தமுறை தலைப்புகளை ஒன்று விடாமல் வைத்தேன். பெயர். சமையல்கூட விலாசம். கதவு எண்ணை, இது எண்தான் தேதி இல்லை என்று தெரியும்படி மேற்கோள் குறிக்குள் போட்டேன். போன் நம்பர். அடுத்தது, அவர்கள் படிவத்தில் கேட்டிருந்த பிறந்த தேதி.

கை அங்கேயே நின்றது. அக்கா ஐப்பசியில் பிறந்தவள், அன்றைக்கு நல்ல மழை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் பிறந்தநாளுக்கு, என் வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு, மாமாவின் அண்ணன் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு என்று வருஷம் முழுக்க யாருக்காவது பாயசம் காய்ச்சி, பஸ்ஸில் வருகிறவர்களிடம் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறவள் அவள். முகம் தெரியாத டீச்சரம்மாவுக்கே வைத்தனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, உன் பொறந்த தேதி என்னா?"

அவள் குழாயடியில் கேரியர் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தேதியைச் சொன்னாள். பிறகு, ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி, "போன செவ்வாக்கெழமதான் போச்சு" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் அவளிடம் போனில் பேசியிருக்கிறேன். என் வேலையைப் பற்றியே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேதியைத் தட்டினேன். ஒரு வரி, என்டர், கோப்பு போய்விட்டது. எழுந்து மேடைக்குப் போனேன். பாத்திரத்தின் அடியில் மிச்சப் பாயசம் ஆறி ஏடு கட்டியிருந்தது. கரண்டியால் கலக்கி ஒரு டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினேன். அவள் கையை உதறித் துடைத்துக்கொண்டு டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"ஏலக்கா ஜாஸ்தியாப் போச்சுடி" என்றாள். டம்ளரைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.