ரூனாவின் மெட்டும் நின்றுபோன ஊர்வலமும்

எங்கள் ஊரில் பள்ளி பேண்டுக் குழுவுக்குத் தலைவராக யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் நான் காப்பி ஊற்றிக்கொள்ள எழுந்துபோன நேரம் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குழுவுக்குப் பணம் சேர்க்க வீடு வீடாக டாய்லெட் பேப்பர் மூட்டை விற்பதும், விழாக்களில் வாஃபிள் சுடுவதும், தொப்பியைத் தொலைத்த பிள்ளைகளுக்கு வேறு தொப்பி தேடுவதும் என் தலையில் விழுந்தன. இசை மட்டும் எனக்கு வராது. என் மகள் ரூனாவுக்கும் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

சின்ன வயதில் அவளுக்கு முதலில் கிளாரினெட் கொடுத்தார்கள். அவள் ஊத ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும். பிறகு ஹார்ன் என்ற பித்தளைக் குழல் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்க்கு அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிவிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. ஊர்வலத்தில் கடைசி வரிசை. இடது கால் தரையில் படும்போதெல்லாம் ஓர் அடி. அந்த அடியை நம்பித்தான் மொத்தக் குழுவும் நடக்கிறது. ஆனாலும் அதை அடிப்பவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவர்களின் முதுகைத் தவிர அவளும் வேறெதையும் பார்த்ததில்லை. வகுப்பில் கை தூக்க மாட்டாள். விருந்துக்குப் போனால் இன்னொரு துண்டு கேக் கேட்கக்கூடக் கூச்சப்படுவாள். என்னைப்போல் வாயாடிக்கு இப்படி ஒரு பிள்ளை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பத்தாம் வகுப்பு இசைப் பாடத்தில், ஆளுக்கொரு மெட்டு சொந்தமாக எழுத வேண்டும் என்றார்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது. வேறு யாராவது, கேட்க ஆட்கள் இருக்கும் இடத்தில் வாசிக்க வேண்டும். எழுதியவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியர் ஹால்வோர்தான் பேண்டையும் நடத்துகிறவர். மற்ற பிள்ளைகள் உகுலேலே, கீபோர்டு என்று இரண்டு பேரைப் பிடித்து வகுப்பிலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். ரூனாவுக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் பேண்டு. அதனால் மொத்தப் பேண்டுக்கும் எழுதினாள்.

இதற்கு முந்தைய பாட்டுத் தேர்வன்று வயிற்றுவலி என்று போர்வைக்குள் சுருண்டுவிட்டவள் அவள். ஹால்வோர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

"தோர்கெய்ர், இந்த வருஷம் ரூனாவுக்கு மார்க் போட என்கிட்ட ஒண்ணுமே இல்ல. இதுவும் நடக்கலேன்னா சான்றிதழ்ல இசைக்கு நேரா ஒரு கோடுதான் இழுக்கணும்."

"டிரம் சுமந்து சுமந்து தோள்ல தழும்பே வந்திருக்கு ஹால்வோர். அதுக்கு மார்க் கிடையாதா?"

"பேண்டு வேற, பாடம் வேற. நான் என்ன பண்ணட்டும்?"

இத்தனை வருடம் மழையிலும் பனியிலும் ஊரையே நடக்கவைத்த பிள்ளைக்கு, இசையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுப்பதா?

மெட்டைப் பார்த்ததும் ஹால்வோர் தலையைச் சொறிந்தார். பயிற்சி நடக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் நானும் இருந்தேன்.

"மேல 'அணிநடை'ன்னு எழுதியிருக்கே. ஆனா தாளம் மூணு மூணாப் போகுதே ரூனா. மனுஷனுக்கு ரெண்டு கால்தானே?"

பக்கத்தில் தன் கார்னெட் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்த சிந்த்ரே, அந்தப் பையனுக்கு வாய் சும்மா இருக்காது, "மூணு காலி ஒருத்தி நம்ம ஊர்ல இருக்கான்னு தெரியாமப் போச்சே" என்றான். அன்றோடு மெட்டுக்கு 'மூணு காலு' என்று பெயராகிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிப்ரவரியில் பனிச்சறுக்கில் கணுக்காலை உடைத்துக்கொண்டு, ஊன்றுகோலோடுதான் அவள் அந்தக் குளிர்காலத்தின் மிச்சம் முழுக்க நடந்தாள். ஊன்றுகோல் இரண்டும் ஒன்றாக டொக். நல்ல கால் தப். பிறகு ஊன்றுகோல்கள் மறுபடி முன்னால் போகும் சத்தமில்லாத ஓர் இடைவெளி. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறாள். அவள் கணக்கில் அது நடைதான்.

உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார்கள். நல்லாயிருந்தது. எனக்கு இசை தெரியாது, ஆனால் கையில் பிடித்த காப்பி குடிக்க மறந்து ஆறிப்போனது தெரிந்தது. ரூனா வாசிக்கக் கூடாதே, பெரிய டிரம்மை யார் அடிப்பது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு வரும்போது மட்டும் அடிங்கப்பா. ரெண்டு, மூணுல சும்மா இருங்க" என்றாள் ரூனா.

"சும்மா இருக்கறதுதானே? அது எனக்குக் கைவந்த கலை."

அப்படியில்லை. மெட்டு முடிந்த பிறகும் என் கை தானாக ஓர் அடி கூடுதலாக வைத்தது. ஒவ்வொரு பயிற்சியிலும் வைத்தது. ஒவ்வொரு முறையும் சிந்த்ரே விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனால் வெறும் கூடத்தில் வாசித்தால் ஆகாது, ஆட்கள் வேண்டும். வகுப்பு நேரத்தில் மொத்தப் பேண்டையும் கூட்டவும் முடியாது. மார்க் போட்டு முடிக்கும் முன்பு பேண்டு வெளியே போவது மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்துக்கு மட்டும்தான். ஊர்வலம் முடிந்து பள்ளி முற்றத்தில் நின்று வாசிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விழாக் குழுவிடம் போனேன். குழுவின் வென்கே காப்பி கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், அனுமதி மட்டும் கொடுக்கவில்லை.

"பதினேழாம் தேதி புதுசா எதுவும் வேண்டாம் தோர்கெய்ர். போன வருஷம் ஐஸ்கிரீம் கடையை அந்தப் பக்கம் மாத்தினதுக்கே எத்தனை பேர் எங்கிட்டப் பேசறத நிறுத்திட்டாங்க தெரியுமா?"

ஊர்வலத்தில் எதை வாசிப்பது என்பது மட்டும் ஹால்வோரின் முடிவு. அப்படியானால் நடந்துகொண்டே வாசிப்பது ஒன்றுதான் வழி. பள்ளி முற்றத்தில் முயன்று பார்த்தோம். ஒரு முறை இடது காலில் அடி விழுந்தது, அடுத்த முறை வலது காலில். குட்டிப் பிள்ளைகள் குதித்துக் குதித்துக் காலை மாற்றப் பார்த்தார்கள். புல்லாங்குழல்கள் டிரம்போனுக்குள் போயின. டியூபாக்காரன் கொடிக்கம்பத்தில் மோதினான். ரூனா வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றை வெட்டி, இரண்டாக்கி, சமையலறை மேசையில் விரலால் தட்டிப் பார்த்தாள். நானும் கேட்டேன். உப்பில்லாத மீன் சூப் மாதிரி இருந்தது. காகிதத்தைத் திருப்பிப் போட்டாள்.

"வேணாம்பா. கோடே இருந்துட்டுப் போகட்டும். இதக் கெடுத்து வாசிக்கறதுக்கு அது தேவலாம்."

நான் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தேன்.

மே பதினேழு வழக்கம்போல் மழையோடு வந்தது. பாரம்பரிய உடைக்கு மேல் எல்லாரும் பிளாஸ்டிக் கோட்டு மாட்டியிருந்தார்கள். உதிரித் தொப்பிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பேண்டின் ஓரமாக நடந்தேன். ரூனா டிரம்மோடு கடைசி வரிசையில், கால் சரியாகி, இடதுக்கு இடது அடித்துக்கொண்டு வந்தாள். ஊர்வலம் தேவாலயத்துக்குப் போகும் வழியில் படகுத் துறையைத் தாண்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து, எதிர்க்கரையிலிருந்து கார்களை ஏற்றிவந்த பெரிய படகின் சாய்தளத்தில் ஒரு பழைய டிராக்டர் இறங்கியது. எங்கள் ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளத்தான், கொடியும் பிர்ச் மரத்து இலையும் கட்டி அலங்கரித்திருந்தார்கள். இறங்கி, சாலைக்குக் குறுக்கே திரும்பி, இருமி, அணைந்துபோனது. பின்னால் படகு நிறையக் கார்கள். முன்னால் ஊர்வலம் மொத்தமும்.

நின்றோம். பேண்டு நின்றபடி வாசிக்கத் தெரிந்த பாட்டுகளை எல்லாம் வாசித்து முடித்தது. டிராக்டர்க்காரர் எஞ்சினுக்குள் தலையை விட்டவர் வெளியே எடுப்பதாக இல்லை. தேசிய நாளில் பேண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதைப்போல் மானக்கேடு வேறில்லை. ஊரே எங்களைப் பார்த்தது.

"வேற என்னடா இருக்கு?" என்று முணுமுணுத்தார் ஹால்வோர்.

"மூணு காலு இருக்கே" என்றான் சிந்த்ரே. சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். இப்ப யாரும் நடக்கலியே."

ஹால்வோர் திரும்பி ரூனாவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. வயிற்றுவலி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் டிரம்மின் பட்டையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். தொப்பிப் பையை வாங்கிக்கொண்டு, வரிசைகளின் ஓரமாக நடந்து, பேண்டுக்கு முன்னால் போய் ஜனங்களோடு நின்றாள்.

ஒன்று அடித்தேன். இரண்டு, மூன்று சும்மா இருந்தேன். சிந்த்ரேயின் கார்னெட் மெட்டை எடுத்தது. அந்தப் பையன் விளையாட்டில்லாமல் வாசித்து அன்றுதான் கேட்டேன். படகில் கார் கதவுகள் திறந்தன, ஆட்கள் இறங்கிவந்து நின்றார்கள். சாய்தளத்தில் நின்ற படகுத் தொழிலாளி காலை மாற்றி மாற்றி ஆட ஆரம்பித்தான். வென்கேகூட, பக்கத்தில் நின்றவளின் கையைக் கோத்துக்கொண்டு அசைந்தாள். நான் ரூனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி நின்றாள்.

கடைசி ஒன்று. அடித்தேன். என் கை, பாழாய்ப்போன கை, மறுபடி மேலே போனது. ரூனா அங்கிருந்து உள்ளங்கையைக் காட்டினாள். கை அப்படியே நின்றது. இரண்டு. மூன்று. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகுதான் கைதட்டினார்கள். நான் மட்டும் கோலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். இறக்கினால் எங்கே பட்டுவிடுமோ என்று பயம்.

ஹால்வோர் தொப்பியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினார். "ஆள் இருந்தாங்க. நீ வாசிக்கல, கேட்டே. அவ்வளவுதான் ரூனா, முடிஞ்சது. இனி கோடு கெடையாது."

என் கண்ணில் வந்த தண்ணீரை மழை பார்த்துக்கொண்டது. டிராக்டர் உறுமிக் கிளம்பியது. ரூனா என்னிடம் வந்து பையைக் கொடுத்துவிட்டு டிரம்மை மாட்டிக்கொண்டாள்.

"அப்பா, நம்ம பேண்டு முன்னால நின்னா இப்படியா கேக்கும்?"

"எப்பவும் இப்படித்தான் கேக்கும். ஏன்?"

"எனக்குத் தெரியாதே. நான் பின்னாலயேதானே இருந்தேன்" என்றாள். இடது காலை எடுத்து வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஊர்வலம் நகர்ந்தது.