தள்ளிவைத்த இரண்டு தேதிகள்

1. பனியன் கம்பெனியில் தைக்கிற ஒரு பெண்ணுக்கு இடது சினைப்பையில் கட்டி. இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் எழுதினார்.
2. செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்தேன். தள்ளிவைத்தேன்.
3. அடுத்த வாரம் வியாழக்கிழமை கொடுத்தேன். அதையும் தள்ளிவைத்தேன்.
4. மூன்றாவது தேதிக்கு நான்கு நாள் முன்பு, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவர் வாந்தியெடுத்துச் சரிந்தார். கம்பெனி வேனில் கொண்டு வந்தார்கள். கட்டியோடு சேர்ந்து சினைப்பை முறுக்கிக்கொண்டு கறுத்துப் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.
5. அவருக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். குழந்தை இல்லை.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக்குத் தேதி போடுவது என் வேலை. ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படித்துவிட்டு, ஒரு வருடம் தியேட்டருக்குள் நின்றுவிட்டு, இந்த மேசைக்கு வந்தேன். இரண்டு தியேட்டர், ஆறு டாக்டர்கள், ஒரு மயக்க டாக்டர். காப்பீட்டு அனுமதி வந்ததும் நோயாளியைப் போனில் கூப்பிட்டுத் தேதி சொல்ல வேண்டும். தேதி அட்டவணையில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

பனியன் கம்பெனிகளில் தைக்கிற பெண்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நாங்கள் கூப்பிடுவது பகலில். அதனால் பதிவு செய்யும்போதே பலர் சூப்பர்வைசர் நம்பரைத் தந்துவிடுவார்கள். இந்தப் பெண்ணும் தந்தார். "இதுல கூப்டீங்கன்னா எனக்குச் சொல்லிருவாருங்க" என்றார். அந்த நம்பரை முதல் நம்பராகப் பதிந்துகொண்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வேன்.

செவ்வாய்க்கிழமைக்காகக் கூப்பிட்டபோது சூப்பர்வைசர் எடுத்தார். பின்னால் மிஷின் சத்தம்.

"மேடம், இந்த வாரம் ஷிப்மென்ட்டுங்க. அடுத்த வாரம் போட்டுக்குங்க."

"அவங்ககிட்ட பேசலாங்களா?"

"லைன்ல உக்காந்திருக்குதுங்க. நான் சொல்லிக்கறனுங்க."

போனை வைத்துவிட்டார். தள்ளிவைத்தால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். மூன்று காரணங்கள்தான் அதில் உண்டு: மருத்துவர், மருத்துவமனை, நோயாளி. நோயாளி என்பதை அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் ஒரு குடலிறக்க அறுவையை வைத்தேன். கட்டம் நிரம்பியதில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

இரண்டாவது முறை சூப்பர்வைசர் சிரித்தார். "ஆபரேஷன் எங்கீங்க மேடம் ஓடிப் போகுது? கன்டெய்னர் போயிருமுங்க." நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மறுபடியும் நோயாளி.

தையல் பிரிக்க அந்தப் பெண் கணவரோடு வந்தார். பிரித்து முடித்ததும் நேராக என் மேசைக்கு வந்து, டிஸ்சார்ஜ் தாளை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். நோயாளி கேட்டுக்கொண்டதால் அறுவை இருமுறை தள்ளிவைக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கணவர் சாயப்பட்டறை ஆபீசில் வேலை செய்கிறவர். வீட்டில் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்க, நான் எப்பங்க தள்ளிப்போடச் சொன்னேன்?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். தேதி, நேரம், நம்பர்.

"இது எங்க சூப்பர்வைசர் நம்பருங்க."

"நீங்க குடுத்ததுங்க."

"குடுத்தது நாந்தானுங்க. தேதி சொல்லத்தான் குடுத்தேன். நான் கேக்கறப்பெல்லாம் அவரு இன்னும் காப்பீடு வரலைன்னு சொன்னாருங்க." அவர் குரல் உயரவில்லை. "எங்க ஊட்டுல அத்தை இந்த ஒரு வரியத்தான் சொல்லிச் சொல்லிக் காட்டறாங்க. கம்பெனிதான் பெருசுன்னு கொழந்தைய விட்டுட்டாளாம். இத மாத்திக் குடுங்க."

கணவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் போனேன். "கையெழுத்துப் போட்டுக் குடுத்ததை மாத்த முடியாதும்மா" என்றார். "அவங்க ஆள் சொன்னா அவங்க சொன்ன மாதிரிதான். நீ எதுக்கு இதுல தலைய விடற?"

எனக்குக் கோபம் வந்ததாக நினைவில்லை. அவர் மேசையில் இருந்த தேதிக் காலண்டரில் இரண்டு நாள் தாள் கிழிக்காமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் இடத்துக்குத் திரும்பினேன்.

பழைய பதிவை மாற்ற முடியாது. கீழே குறிப்புச் சேர்க்கலாம். தமிழில் சேர்த்தேன்: "இரு முறையும் போனில் பேசியவர் கம்பெனி சூப்பர்வைசர். நோயாளியிடம் பேசவில்லை. அவர் தேதி தள்ளிவைக்கக் கேட்கவில்லை. அவரிடம் கேட்காமல் தள்ளிவைத்தது நான்." என் பெயர் தானாக அடியில் வந்தது. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கணவர் எழுந்து வந்து வாங்கினார்.

"அப்ப நீங்க இவகிட்ட பேசவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

தாளை இன்னொரு முறை படித்தார். மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இருவரும் மாடிப்படி வழியாக இறங்கினார்கள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியபோது, அடுத்த டோக்கன்காரர் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவருக்குப் புதன்கிழமை கொடுத்தேன்.

மறுபரிசோதனைக்கு அவர் தன் அம்மாவோடு வந்தார். ஊத்துக்குளியில் அம்மா வீட்டில் இருக்கிறார். தாளைப் படித்துக் காட்டியும் மாமியார் பேசுவதில்லை. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறார். வலது சினைப்பை நன்றாக இருக்கிறது, குழந்தைக்குத் தடையில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்புக்காக மேனேஜர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.